ஐந்தாம் அலகு

பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழுக் கூட்டம் என்றால் அறிஞர்கள் கூடி நாள்கணக்கில் வாதாடுவார்கள் என்று என் அப்பா நினைத்திருந்தார். 1999-இல் எனக்கு முதல் அழைப்புக் கடிதம் வந்தபோது, வெற்றிலைக் கொடிக்கால் வேலையைப் போட்டுவிட்டு ஆத்தூர் பஸ் ஸ்டாப்புவரை வந்து என்னை வழியனுப்பினார். இரவு வீடு திரும்பியதும் முதல் கேள்வி, "என்னம்மா, பெரிய சண்டையோ?"

"இல்லப்பா. சாப்பாடு நல்லா இருந்துச்சு" என்றேன்.

உண்மையும் அதுதான். காலை பத்தரைக்கு நீளமான மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். ஆளுக்கொரு பழைய பாடத்திட்ட ஜெராக்ஸ், ஒரு பேனா, பயணப்படி படிவம். நாலு மணிக்குள் மூன்று ஆண்டுக்கான பாடம் முடிவாகிவிட வேண்டும், ஐந்தரைக்குப் பலருக்கு பஸ். அதனால் பழைய தாளையே முன்னால் வைத்துக்கொண்டு, ஆள் மாற்றுவது போல அங்கொரு கவிஞரை எடுத்து இங்கொரு கவிஞரைப் போடுவார்கள். முழுத் தாளையும் புரட்டிப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்லத் தேவையில்லை. பின்னால் நான் போன எல்லாக் குழுக்களிலும் இதே மேசைதான், இதே ஜெராக்ஸ்தான்.

அன்று நான் பையில் ஒரு புத்தகம் கொண்டுபோயிருந்தேன். பாமாவின் 'கருக்கு'. 1992-இல் வந்த தலித் தன்வரலாற்று நூல். ஆங்கிலத்துறைக்காரர்கள் பின்னால் அதை மொழிபெயர்ப்பில் வாங்கிப் பாடமாக்கிக் கொண்டார்கள். மூலம் எழுதப்பட்ட மொழியின் துறையில் இருந்த நாங்கள்தான் தயங்கிக்கொண்டிருந்தோம். 1995-இல் கொடியன்குளத்தில் தலித் மக்கள்மீது வன்முறை நடந்து நாலு ஆண்டுதான் ஆகியிருந்தது. எங்கள் பக்கக் கல்லூரிகளில் பையன்கள் கையில் கட்டும் கயிற்றின் நிறத்தைப் பார்த்தே பெஞ்சில் இடம் விட்ட காலம். பெரிய எதிர்ப்பு வரும் என்று பதில்களெல்லாம் தயார் செய்துகொண்டு போயிருந்தேன்.

யாரும் எதிர்க்கவில்லை. தலைவராக இருந்த மூத்த பேராசிரியர் புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தார். "நல்ல புத்தகம்தாம்மா. ஐந்தாம் அலகுல போட்டுருவோம்" என்றார். நான் வென்றுவிட்டதாக நினைத்துக்கொண்டு வந்தேன். ஐந்தாம் அலகு என்றால் என்ன என்று புரிய எனக்கு ஆறு ஆண்டு ஆனது.

*

ஒரு தாளுக்கு ஐந்து அலகு. ஜூனில் கல்லூரி திறக்கும். சேர்க்கை முடிந்து பிள்ளைகள் உட்கார ஜூலை ஆகும். ஆகஸ்டில் தூத்துக்குடி பனிமய மாதா திருவிழா, அடுத்துத் திருச்செந்தூர் ஆவணித் திருவிழா, நடுவில் விளையாட்டு விழா, எப்போதாவது ஒரு ஸ்டிரைக். நாலாம் அலகு முடிவதற்குள் மாதிரித் தேர்வு வந்து நிற்கும். "ஐந்தாம் அலகு நீங்களே பாத்துக்கோங்கப்பா" என்று சொல்லிவிட்டு நாங்கள் போர்ஷனை முடித்ததாகக் கையெழுத்துப் போடுவோம். நானும் போட்டிருக்கிறேன். அப்போதைய வினாத்தாளில் எட்டு வினா கேட்டால் ஐந்துக்கு எழுதினால் போதும். ஓர் அலகை மொத்தமாக விட்டுவிட்டுப் போனாலும் முதல் வகுப்பு கிடைக்கும்.

அந்த அலகில்தான் தலித் இலக்கியம், பெண்ணியம், ஈழத்து எழுத்து, மலையக எழுத்து, நாட்டார் பாடல் எல்லாம் இருந்தன. வீட்டுக்குள் இடமில்லாத அத்தனை பேருக்கும் ஒரே திண்ணை.

சமயத்துக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. கம்பனோடு தேம்பாவணி அல்லது இரட்சணிய யாத்திரிகத்தில் ஒரு பகுதி, சீறாப்புராணத்தில் ஒரு பகுதி. அந்த மூன்றையும் பாடமாக வைத்துவிட்டால் எல்லாரையும் சேர்த்துக்கொண்டதாகப் பொருள். அந்தப் பகுதிகளும் ஆண்டுக்கணக்காக ஒரே பகுதிகள்தான். கைடு அச்சடிப்பவருக்கும் வசதி.

சாகித்திய அகாதெமி விருது கிடைத்த நூல் என்றால் குழுவில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள், உடனே உள்ளே வந்துவிடும். விருது இல்லாத நூல் என்றால் விலை என்ன, அச்சில் இருக்கிறதா, எத்தனை பிரதி கிடைக்கும் என்று கேள்வி வரும். நியாயமான கேள்விகள்தான். ஆனால் சின்னப் பதிப்பகம் ஐந்நூறு பிரதி போட்டு முடித்துவிட்ட நூல்களில்தான் நான் தேடிய எழுத்து இருந்தது. பாடமாக வைத்தால்தான் மறுபதிப்பு வரும். மறுபதிப்பு வந்தால்தான் பாடமாக வைப்போம் என்பார்கள்.

*

என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் 1981-இல் பி.ஏ. தமிழ் சேர்ந்தேன். அப்பாவுக்குக் கொடிக்கால் வேலை. ஆத்தூர் வெற்றிலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்துப் பேப்பரில் வந்தது. அன்றைக்கு அது எங்களுக்குப் பெருமை இல்லை. விரல் நுனியில் கறை, அவ்வளவுதான். பள்ளிக்குப் போகும்முன் வெற்றிலையை அடுக்கிக் கவுளி கட்டிக் கொடுத்துவிட்டுப் போவேன். வகுப்பில் ஒருநாள் ஏதோ பேச்சில் நான் "வெத்தல" என்றேன். பேராசிரியர், "தமிழ் படிக்க வந்திருக்கீங்க, தமிழில் பேசுங்க" என்றார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் அன்றிலிருந்து எனக்கு இரண்டு தமிழ் ஆகிவிட்டது. ஒன்று கொடிக்காலுக்கு, ஒன்று மேடைக்கு. 1987-இல் நான் விரிவுரையாளராகச் சேர்ந்தபோது மேடைத் தமிழை மட்டும்தான் வகுப்புக்குக் கொண்டுபோனேன்.

எங்கள் சீமையில் இந்த அடைப்பைத் திறந்தவர்கள் பாடத்திட்டத்துக்கு வெளியே இருந்தார்கள். பாளையங்கோட்டையில் நா. வானமாமலை நெல்லை ஆய்வுக் குழுவை நடத்தி, 'ஆராய்ச்சி' இதழையும் கொண்டுவந்தார். தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரியில் ஆ. சிவசுப்பிரமணியன் உப்பையும் பனையையும் பற்றிக்கூட எழுதலாம் என்று காட்டினார். தொ. பரமசிவனின் 'அறியப்படாத தமிழகம்' 1997-இல் வந்தபோது, சோற்றிலும் உடையிலும் இவ்வளவு இருக்கிறதா என்று எங்கள் துறையே மாற்றி மாற்றிப் படித்தது. தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியலுக்கு ஒரு துறையே வந்தது. இவர்களைப் படித்துத்தான் எனக்கு என் அப்பாவின் தமிழ் திரும்பக் கிடைத்தது. அதற்குள் வேலைக்குச் சேர்ந்து பத்து ஆண்டு ஓடிவிட்டது.

*

வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' பல ஆண்டுகளாகப் பாடமாக இருந்த நாவல். மணப்பாட்டைக் களமாகக் கொண்டது. நான் அதை உருகி உருகி நடத்துவேன். ஒருமுறை வகுப்பில் மணப்பாட்டுப் பையனே ஒருவன் இருந்தான். பாடம் முடிந்ததும், "எப்படிப்பா இருக்கு, உங்க ஊரு?" என்று ஆசையாகக் கேட்டேன்.

"கதை நல்லாருக்கு மேடம். ஆனா கரையிலயே நிக்குது. கடலுக்குள்ள போகவே இல்லயே."

நான் திரும்பப் புரட்டிப் பார்த்தேன். நாவலின் அழகு எங்கும் போய்விடவில்லை. அந்த மனிதர்கள்மீது வண்ணநிலவனுக்கு இருந்த பிரியத்தை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் பையன் சொன்னதும் சரிதான். கரையில் நின்று பார்த்தவர் எழுதிய கடல் அது. 2004-இல் ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு' வந்தது. உவரிக்காரர் எழுதியது. அதில் கடலுக்குள் போனார்கள். எனக்குப் பாதி சொல் புரியவில்லை. நடத்த வேண்டிய நானே அதே பையனைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டேன்.

அவன் காற்றிலிருந்து தொடங்கினான். வாடை, கொண்டல், கச்சான், சோழகம். காற்று ஒரு பக்கம் அடிக்க, நீர் வேறு பக்கம் ஓடும். அந்த ஓட்டத்துக்கு நீவாடு என்று பேர். கொண்டல் சங்க இலக்கியத்தில் இருக்கிற சொல். அருஞ்சொற்பொருளில் 'கீழைக்காற்று' என்று அடிக்குறிப்புப் போட்டுத்தான் இத்தனை ஆண்டாக நடத்தியிருந்தேன். என் வகுப்பின் கடைசி பெஞ்சில் அந்தச் சொல்லை அன்றாடம் புழங்குகிற ஒருவன், அடிக்குறிப்பை எழுதிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறான். நாம் தென்றல் என்று கொண்டாடுகிற திசையிலிருந்து வருவது அவர்களுக்குச் சோழகம். அது பலமாக அடித்தால் வள்ளம் இறக்கவே யோசிப்பார்கள். நெய்தல் திணைக்கு உரிப்பொருள் இரங்கல் என்று ஒற்றைச் சொல்லில் எழுதிப்போட்டால் முழு மதிப்பெண். யார் யாருக்காக எந்தக் காற்றைப் பார்த்து இரங்கினார்கள் என்று அதற்குமுன் நான் யோசித்ததில்லை.

*

அந்த உற்சாகத்தில்தான் என் பணிக்காலத்தின் மோசமான தவறைச் செய்தேன்.

ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரைப் பற்றிய நாவல். அவர் இங்கே வந்து, அளத்து மக்களோடு பழகி எழுதியது. அதை நடத்திக்கொண்டிருந்தேன். பழையகாயல் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் மூன்றாம் பெஞ்சில் இருந்தாள். வீட்டில் அளத்து வேலை என்று எனக்குத் தெரியும். மணப்பாட்டுப் பையன் மாதிரி இவளும் சொல்வாள் என்று நினைத்து, "உங்க வீட்லயும் அளத்து வேலைதானம்மா? அம்மா எத்தனை மணிக்குப் போவாங்க, வெயிலு எப்படி இருக்கும், எல்லாருக்கும் சொல்லு" என்றேன்.

நாற்பது தலை திரும்பியது. அவள் எழுந்து நின்றாள். "தெரியாது மேடம்" என்றாள். மறுநாள் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. ஐந்தாம் நாள் அவள் அம்மா வந்தார். துறைக்குள் வரமாட்டேன் என்று மரத்தடியில் நின்றார். என்னைத் திட்டவில்லை.

"மேடம், எம்புள்ள அளத்துப் பக்கமே போகக்கூடாதுன்னுதான் படிக்க வைக்கேன். நீங்க வகுப்புல அதையே கேட்டா அவ என்ன செய்வா?"

எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. மணப்பாட்டுப் பையனிடம் நான் பாடம் முடிந்தபின் கேட்டேன். அவனுக்குச் சொல்ல ஆசை இருந்தது. இவளை எல்லார் முன்னாலும் எழுப்பி நிறுத்தினேன். புத்தகம் உள்ளே வந்துவிட்டது என்பதற்காகப் பிள்ளையை மேசைமேல் ஏற்றிக் காட்டக்கூடாது. பல்வகைமை, உள்ளடக்கம் என்று இன்று கருத்தரங்குகளில் நிறையப் பேசுகிறார்கள். எங்கே போனாலும் அந்த மரத்தடியைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

அந்தப் பெண் திரும்ப வந்தாள், படித்து முடித்தாள். நான் அதன்பிறகு யாரையும் வீட்டைப் பற்றிக் கேட்டதில்லை. அதற்குப் பதிலாக 2006-இல் ஒரு நானூறு பக்க நோட்டு வாங்கி, முதலாமாண்டு வகுப்பு ஜன்னல் விளிம்பில் வைத்தேன். பாடத்தில் இல்லாத சொல், உங்களுக்குத் தெரிந்தது, யார் வேண்டுமானாலும் எழுதலாம். பெயர் போட வேண்டாம் என்று முதல் பக்கத்தில் எழுதினேன். மூன்று வாரம் காலியாகவே கிடந்தது. பிறகு ஒருநாள் பென்சிலில் ஒரு சொல் இருந்தது: பயினி. பதநீருக்கு எங்கள் பக்கத்துப் பேர். அதற்குக் கீழே வேறு கையெழுத்தில் பனை சம்பந்தமாகப் பதினோரு சொல்.

*

விடைத்தாள் திருத்தும் முகாமில்தான் ஒரு பாடத்தின் நிஜமான கதி தெரியும். ஒரு மேசைக்கு ஐந்தாறு பேர், காலையில் ஒரு கட்டு, மதியம் ஒரு கட்டு. 'கருக்கு' பற்றிய வினாவுக்கு, "இந்நூல் தலித் மக்களின் துன்பங்களை எடுத்துரைக்கிறது" என்ற ஒரே வாக்கியம் கட்டுக்கட்டாக வந்தது. நூலை யாரும் பார்க்கவில்லை. கைடு அப்படிச் சொல்லியிருந்தது. ஒரே ஒரு தாளில் மட்டும் ஒருத்தி, அல்லது ஒருவன், வேறு மாதிரி எழுதியிருந்தார். பாமா சொல்வதுபோல எங்கள் ஊரில் நடப்பதில்லை, எங்கள் ஊரில் வேறு மாதிரி நடக்கும் என்று ஆரம்பித்து இரண்டு பக்கம். எழுத்துப்பிழை நிறைய. நூலைப் படித்துவிட்டு அதோடு சண்டை போட்டிருந்த ஒரே தாள் அதுதான். நான் பத்துக்கு எட்டுப் போட்டேன். மேற்பார்வையாளர் தாளைத் திரும்பக் கொண்டுவந்தார். "மேடம், இது கீ-ல இல்லயே."

விடைக்குறிப்பில் இல்லைதான். ஐந்து குறிப்பு, குறிப்புக்கு இரண்டு மதிப்பெண் என்று இருந்தது. அரை மணி நேரம் பேசி ஆறுக்கு வந்தோம். புத்தகத்தைப் பட்டியலில் சேர்க்க நான் எவ்வளவு பாடுபட்டேன்; வினாத்தாள் எடுப்பவர் யார், விடைக்குறிப்பு எழுதுபவர் யார் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அதற்குப்பின் வினாத்தாள் எடுக்க அழைப்பு வந்தால், கூலி குறைவு என்று முன்போல் மறுக்காமல் ஒப்புக்கொண்டேன். 'சிறுகுறிப்பு வரைக' என்பதை விட்டுவிட்டு, 'இக்கருத்தை ஏற்கிறீரா?' என்று கேட்க ஆரம்பித்தேன். கைடுக்காரர்கள் இரண்டே ஆண்டில் அதற்கும் ஒரு விடை தயாரித்துவிட்டார்கள் என்பது வேறு கதை.

துன்பம் என்ற சொல் இன்னோர் இடத்திலும் என்னை இடறியது. ஒரு பையன் நடைபாதையில் சாதாரணமாகக் கேட்டான்: "எங்களப் பத்தி எந்தப் பாடம் வந்தாலும் அழுகையாவே இருக்கே மேடம், எங்க தெருவுல சிரிக்கவே மாட்டாங்களா?" நான் தேர்ந்தெடுத்த பாடங்களை எண்ணிப் பார்த்தேன். அத்தனையும் அழுகைதான். மறு ஆண்டு பாமாவின் 'கிசும்புக்காரன்' தொகுப்பிலிருந்து எடுத்து வாசித்தேன். அதிகாரம் உள்ளவனைப் பேச்சாலேயே கவிழ்க்கிற ஆட்கள் அந்தக் கதைகளில் உண்டு. வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. யார் சிரிக்கவில்லை என்பதையும் கவனித்தேன்.

*

காயல்பட்டினத்திலிருந்து வந்த ஒரு மாணவி சீறாப்புராணத்தில் குறைவான மதிப்பெண் வாங்கியிருந்தாள். "உங்க பாடத்துலயே இப்படியா?" என்று வாய்தவறிக் கேட்டுவிட்டேன். அதுவும் ஒரு தவறுதான். அவள் கோபப்படவில்லை. "எங்க உம்மம்மா வேற தமிழ்ப் பாட்டு படிப்பாங்க மேடம். கொண்டு வரட்டா?" என்றாள்.

கொண்டுவந்தது பழுப்பேறிய ஒரு சின்னப் புத்தகம். வலமிருந்து இடம் ஓடும் அரபு எழுத்து. அவள் வாசிக்க வாசிக்க, வந்ததெல்லாம் தமிழ். அரபுத்தமிழ் என்று இலக்கிய வரலாற்றில் ஒரு வரி நடத்தியிருக்கிறேன். அரபியில் இல்லாத நம் ஒலிகளுக்காக எழுத்தோடு கூடுதல் புள்ளி இட்டு அமைத்துக்கொண்ட முறை. முனைவர் பட்டம் வாங்கிய தமிழாசிரியை ஒரு தமிழ்ப் புத்தகத்தின் முன் எழுத்தறியாதவளாக உட்கார்ந்திருந்தேன். நான் குறைந்த மதிப்பெண் போட்ட பிள்ளை விரல் வைத்துப் படித்துக் காட்டினாள். நாகூர் சித்தி ஜுனைதா பேகத்தின் 'காதலா கடமையா' 1938-இல் உ.வே. சாமிநாதையரின் முன்னுரையோடு வந்தது என்பதையும் நான் தேடிப் படித்தது அந்த ஆண்டுதான். அதுவரை இஸ்லாமியத் தமிழ் என்றால் சீறாவோடு என் பாடம் முடிந்துவிடும்.

*

ஜோ டி குரூஸின் 'கொற்கை' 2009-இல் வெளியானது. 2013-க்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றது. ஆயிரம் பக்கத்துக்கு மேற்பட்ட நாவலை ஒரு பருவத்தில் நடத்த முடியாது. ஒரு பகுதியை மட்டும் வைத்தோம். விருது இருந்ததால் குழுவில் தடையில்லை. தடை வேறு பக்கத்திலிருந்து வந்தது. கடற்கரை ஊர்க்காரர் ஒருவர், மாணவனின் தகப்பனார், என்னைத் தேடி வந்தார்.

"எங்க ஊட்டுச் சண்டையெல்லாம் ஊருக்குப் பாடமா வைக்கணுமாம்மா?"

"எல்லா ஊர்ச் சண்டையும்தான் வச்சிருக்கோம் அண்ணாச்சி. பாரதத்துல வேற என்ன இருக்கு?"

அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப நாங்க செஞ்சதையும் சேத்து வைங்க" என்றார்.

அவர் கேட்டது எதை என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. பிறகு என் வீட்டு வாசலிலிருந்தே தொடங்கினேன். ஆத்தூர்ப் பாலத்தின் கீழே போகிற தாமிரபரணி கடலில் சேரும் இடம் புன்னைக்காயல். அன்றிக்கே அடிகளார் வாழ்ந்து, 1600-இல் இறந்த ஊர். 1578-இல் கொல்லத்தில் அச்சான அவருடைய 'தம்பிரான் வணக்கம்', தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் என்று ஒரு மதிப்பெண் வினாவுக்கு நாங்கள் விடை வைத்திருந்தோம். பதினாறு பக்கம். அதை அச்சிடப் பணம் கொடுத்தவர்கள் இந்த முத்துக்குளித்துறைப் பரதவர்கள். கடலுக்குள் மூச்சடக்கிச் சம்பாதித்த காசு தமிழ் அச்சுக்குப் போயிருக்கிறது. இந்தக் கரையில் முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோனது. இத்தனை ஆண்டும் பாதிரியார் பெயரை நடத்தினேன். பணம் கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அதைச் சொல்லாமலே பரீட்சை வைத்தேன்.

2014-இல் சென்னைப் பல்கலைக்கழகம் புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி', 'பொன்னகரம்' இரண்டையும் பாடத்திலிருந்து எடுத்தது. தலித் மக்களை இழிவாகக் காட்டுகின்றன என்று புகார். எங்கள் துறையில் ஒரு வாரம் இதே பேச்சு. நீக்கியது எனக்குச் சரியாகப் படவில்லை. நெல்லைச் சீமை மனிதர்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஏற்றிச் செல்லப்பட்ட கதையை 'துன்பக்கேணி' போல அந்தக் காலத்தில் யார் எழுதினார்கள்? ஆனால் புகார் சொன்னவர்களை வாசிக்கத் தெரியாதவர்கள் என்று சில அறிஞர்கள் ஏளனம் செய்ததும் பிடிக்கவில்லை. அந்தக் கதை தனியாக நின்றதுதான் சிக்கல். ஒரு சமூகத்தைப் பற்றி ஒரே ஒரு பாடம், அதையும் வெளியார் எழுதியிருந்தால், எவ்வளவு பெரிய எழுத்தாளராக இருந்தாலும் அந்தப் பாரத்தை ஒரு கதை தாங்காது. பக்கத்தில் ஓர் இமையமோ பாமாவோ இருந்தால் மாணவன் இரண்டையும் உரசிப் பார்ப்பான்.

சேர்ப்பதற்குப் பத்தாண்டு, நீக்குவதற்கு ஒரு கடிதம். ஓய்வுக்குப் பிறகும் இதைப் பேப்பரில் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். 2020-இல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் ஆங்கில முதுகலைப் பாடத்திலிருந்து அருந்ததி ராயின் நூல் ஒரு மாணவர் அமைப்பின் புகாருக்குப் பின் எடுக்கப்பட்டது. 2021-இல் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பாமாவும் சுகிர்தராணியும் மகாசுவேதா தேவியும் எடுக்கப்பட்டார்கள். 2023-இல் மாநில உயர்கல்வி மன்றம் மாதிரிப் பாடத்திட்டத்தைக் கொண்டுவந்தபோது, எல்லாக் கல்லூரிக்கும் ஒரே பாடமா என்று ஆசிரியர்கள் எதிர்த்தார்கள். ஒரே பட்டியல் வந்தால் நல்ல நூல்கள் எல்லா ஊருக்கும் போகலாம். மணப்பாட்டுப் பையன் பேசுவதற்கு அதில் எந்த அலகு இடம் தரும் என்பதுதான் என் கவலை.

*

ஒரு புத்தாக்கப் பயிற்சி வகுப்பில் நைரோபிப் பல்கலைக்கழகத்தைப் பற்றிக் கேள்விப்பட்டேன். 1968-இல் கூகி வா தியாங்கோவும் இரண்டு சக ஆசிரியர்களும் ஆங்கிலத்துறையையே எடுத்துவிட்டு, ஆப்பிரிக்க இலக்கியத்தை நடுவில் வைத்துத் துறையை அமைக்கக் கேட்டார்கள். பட்டியலின் ஓரத்தில் நாலு ஆப்பிரிக்க நூலைச் சேர்க்கச் சொல்லி அவர்கள் நிற்கவில்லை. எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது என்று கேட்டார்கள். எனக்கு ஐந்தாம் அலகு ஞாபகம் வந்தது.

அடுத்த குழுக் கூட்டத்தில் நான் புது நூல் எதையும் கொண்டுபோகவில்லை. இருக்கிற தாளைத் தலைகீழாக்கலாம் என்றேன். ஐந்தாம் அலகு முதலில். கடற்கரை எழுத்து, தன்வரலாறு, நாட்டார் பாடல் எல்லாம் ஜூலையில். பின்னால் மரபுக் கவிதை, அதற்கும் பின்னால் நெய்தல் பாட்டு. நூலும் மாறவில்லை, செலவும் இல்லை. அன்றுதான் என் அப்பா எதிர்பார்த்த சண்டை நடந்தது. இத்தனை ஆண்டாக யாரும் மறுக்காத நூல்களுக்கு அன்று மறுப்பு வந்தது. "வரிசைன்னு ஒண்ணு இருக்கும்மா" என்றார் ஒருவர். நாலரை மணிக்கு ஒருவழியாக, மூன்று ஆண்டுக்கு மட்டும் என்று ஒப்புக்கொண்டார்கள்.

அந்த மூன்று ஆண்டும் வகுப்பில் பெரிய அதிசயம் ஒன்றும் நடந்துவிடவில்லை. தேர்ச்சி விகிதம் ஏறவில்லை. ஆனால் நெய்தல் பாட்டு வரும்போது கடலோரப் பிள்ளைகள் என்னைத் திருத்தினார்கள். கொடிக்கால் பிள்ளைகள் கடலோரப் பிள்ளைகளைக் கேள்வி கேட்டார்கள். அருஞ்சொற்பொருள் பக்கத்தைத் திருப்பாமலே பாட்டு நகர்ந்தது. நோட்டு அந்த மூன்று ஆண்டில்தான் வேகமாக நிறைந்தது. பிறகு பாடத்திட்டம் மாறியது. வரிசை பழையபடியானது. போட்டித் தேர்வுக்கான பகுதி ஒன்று புதிதாக வந்தது. அதற்கு முன்வரிசையில் இடம் கிடைத்தது.

2018 மே மாதம் ஓய்வு பெற்றேன். மேசையைக் காலி செய்தபோது நோட்டை என்ன செய்வது என்று தெரியவில்லை. நானூறு பக்கமும் நிறைந்து, பின்னட்டைக்குள்ளும் எழுதியிருந்தார்கள். காற்றின் பெயர்கள், அளத்துச் சொற்கள், பனைச் சொற்கள், வெற்றிலைச் சொற்கள், அரபு எழுத்தில் நாலு பக்கம், அழித்துவிட்டு மறுபடி எழுதிய ஒரு வசவு. அட்டை போட்டு நூலகத்துக்குக் கொண்டுபோனேன். நூலகர் கணினியில் பதிவெண் போட உட்கார்ந்தார். தலைப்பு, பக்கம், ஆண்டு எல்லாம் அடித்துவிட்டு நிறுத்தினார்.

"ஆசிரியர் பேரு இல்லாம சிஸ்டம் எடுக்காது மேடம். உங்க பேரப் போட்டுரட்டா?"

ஒரு நொடி, சரி என்று சொல்ல வாய் வந்துவிட்டது. முப்பத்தொரு ஆண்டில் நூலகத்தில் என் பெயரில் ஒரு புத்தகம் இல்லை. பிறகு அந்த முதல் பக்கத்தில் நான் எழுதியிருந்ததைப் பார்த்தேன்.

"முதலாமாண்டுன்னு போடுங்க" என்றேன்.

"ஆசிரியர்: முதலாமாண்டா?"

"ஆமா."

அவர் அடித்தார். சிஸ்டம் எடுத்துக்கொண்டது.